செராம்பூர் காட்டும் வழி

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது முதலில் தயங்கினேன். நான் பத்தாம் வகுப்புத் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே காரியாலயத்தில் சரக்குச் சீட்டும் கணக்கேடும் எழுதிப் பழகிய கை என்னுடையது. ஆராய்ச்சி செய்து எழுதும் புலமை எனக்கு இல்லை. ஆயினும் நாம் குடியேறி வாழும் இவ்வங்க நாட்டில், ஹௌராவிலிருந்து மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்திற்குள் சென்று காணத்தக்க ஊர் ஒன்று உண்டு. அவ்வூரில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் சிலர் வாழ்ந்த வாழ்க்கையை நம் மக்கள் அறிந்துகொள்வது நலம் என்று தோன்றியதால் எழுதத் துணிந்தேன்.

அவர்கள் கிறிஸ்தவர்கள், நானும் அச்சமயத்தில் பிறந்தவன். அதனால் இதனைச் சமயப் பிரசாரம் என்று அன்பர்கள் எண்ணிவிட வேண்டா. ஒருவன் தான் நம்புகின்ற ஒன்றைச் சம்பளம் வாங்கும் இடத்திலும், சோறு உண்ணும் இடத்திலும், சாவு நேர்ந்த வீட்டிலும் எவ்வாறு கடைப்பிடிக்கிறான் என்பதே என் கேள்வி. இக்கேள்வி எச்சமயத்தார்க்கும் பொது அன்றோ!

தரங்கம்பாடியும் செராம்பூரும்

செராம்பூர் நம் தமிழ்நாட்டுத் தரங்கம்பாடிக்கு உடன்பிறப்புப் போன்ற ஊர். 1620ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்றுத் தரங்கம்பாடியில் குடியேறினர் டென்மார்க்கு நாட்டினராகிய டேனியர். அவர்களே 1755இல் ஹூக்ளி ஆற்றங்கரையில் செராம்பூரை அமைத்து, தம் அரசர் பெயரால் அதற்குப் பிரெடரிக்ஸ்நகர் என்று பெயரிட்டனர். 1845இல் இரண்டு ஊர்களையும் ஒரே விற்பனையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டனர். நான் பொறையாற்றுப் பக்கத்தவன். பிழைப்பை நாடி வங்கத்திற்கு வந்த நான், ஒரு ஞாயிற்றுக்கிழமை செராம்பூர் ஆற்றங்கரையில் நின்றபோது, ஊரை விட்டு வெகுதூரம் வந்துவிடவில்லை என்ற ஓர் ஆறுதல் கொண்டேன்.

ரயில்வே ஊழியர்களாகிய நமக்கு இவ்வூரோடு மற்றொரு தொடர்பும் உண்டு. 1854 ஆகஸ்டு 15ஆம் நாள் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் பயணிகள் புகைவண்டி ஓடியபோது, இடையில் அது நின்ற மூன்று நிலையங்களுள் செராம்பூரும் ஒன்று. ஆனால் நான் சொல்ல வந்த கதை அதற்கு அரை நூற்றாண்டு முற்பட்டது.

செருப்புப் பழுதுபார்த்தவர்

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1761ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் வில்லியம் கேரி பிறந்தார். தந்தையார் நெசவாளர், பின்னர்ச் சிறு பள்ளி ஒன்றின் ஆசிரியர். கேரி இளமையில் செருப்புத் தைக்கும் பட்டறை ஒன்றில் தொழில் பழகினார். தோல் தைத்துக்கொண்டே இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் தாமே முயன்று கற்றார். 1781இல் அவர் மணந்த டாரதி அம்மையார்க்குக் கையெழுத்திடவும் தெரியாது. திருமணப் பதிவேட்டில் சிலுவைக்குறி இட்டார் என்பர்.

பின்னர்க் கேரி சிறு சபை ஒன்றின் போதகரானார். நெடுந்தொலைவிலுள்ள மக்களிடமும் தம் சமயத்தாருக்குக் கடமை உண்டு என்று 1792இல் ஒரு சிறுநூல் எழுதி வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபர் மாதம் கெட்டரிங் என்னும் ஊரில் ஒரு வீட்டில் சிலர் கூடி ஒரு சங்கத்தை அமைத்தனர். அன்று அவர்கள் தருவதாக எழுதிக் கொடுத்த தொகை 13 பவுன், 2 ஷில்லிங், 6 பென்ஸ். பெருஞ்செல்வர் எவரும் அக்கூட்டத்தில் இல்லை. நம் சங்கமும் சில்லறைக் காசில் தொடங்கியதே என்பதை மூத்த உறுப்பினர் அறிவர்.

1793 நவம்பரில் கேரி குடும்பத்தோடு கல்கத்தாவில் வந்து இறங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் எல்லைக்குள் சமயப் போதகர்கள் வருவதை விரும்பவில்லை. கையிலிருந்த பணம் கரைந்துபோயிற்று. சுந்தரவனக் காட்டோரத்தில் சில காலம் துன்புற்றார். 1794இல் மால்டா பகுதியில் மத்னாபாத்தி என்ற இடத்திலிருந்த அவுரிச் சாயத் தொழிற்சாலையை மேற்பார்க்கும் வேலை கிடைத்தது. பகலில் தொழிலாளர் கணக்கும், மற்ற வேளையில் வங்க மொழிப் படிப்பும் மொழிபெயர்ப்புமாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்தார்.

புகழ் பெற்ற பின்பும் அவர் பழைய தொழிலை மறைத்ததில்லை. பாரக்பூரில் கவர்னர் ஜெனரல் மாளிகை விருந்தொன்றில், படை அதிகாரி ஒருவர் இன்னொருவரிடம், இந்தக் கேரி முன்பு செருப்புச் செய்தவராமே என்று காதில் விழும்படி கேட்டாராம். கேரி முன்வந்து, செருப்புச் செய்யும் தகுதி தமக்கு இல்லை என்றும், தாம் பழஞ்செருப்பைப் பழுது பார்த்தவர் மட்டுமே என்றும் திருத்தினாராம்.

ஒரே குடும்பம், ஒரே கணக்கு

1799 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து மேலும் சிலர் வந்து சேர்ந்தனர். அவருள் முதன்மையானவர் இருவர்: ஜோசுவா மார்ஷ்மன் என்ற பள்ளி ஆசிரியர், வில்லியம் வார்டு என்ற அச்சுத் தொழிலாளர். கம்பெனி எல்லையில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. செராம்பூரின் டேனிய ஆளுநர் ஓலே பீ அவர்களை ஆதரித்தார். 1800 ஜனவரி 10ஆம் நாள் கேரியும் அங்கு வந்து அவர்களோடு சேர்ந்தார்.

அவர்கள் முதலில் செய்த காரியம் கணக்குத் தொடர்பானது. காரியாலயத்தில் கணக்கெழுதும் என்போன்றோர்க்கு இப்பகுதியே மிகவும் பிடித்தது. எல்லாக் குடும்பங்களும் ஒரே வீட்டில் வாழ்வது. ஒரே மேசையில் உண்பது. எவர் எவ்வளவு ஈட்டினாலும் அது பொது நிதியைச் சேர்வது. தனக்கென்று எவரும் தனி வாணிகம் செய்யாதிருப்பது. செலவுக்குச் சிறு தொகை மட்டும் பெற்றுக்கொள்வது என்று உடன்பாடு செய்துகொண்டனர். வீட்டு நிர்வாகம் மாதம் ஒருவராக முறை மாறி வந்தது. பொருளாளர் பொறுப்பும் மருந்துப் பெட்டியும் கேரியிடம் இருந்தன.

சனிக்கிழமை மாலை தோறும் எல்லோரும் கூடி, அவ்வாரத்தில் தமக்குள் ஏற்பட்ட மனத்தாங்கல்களை வெளிப்படையாகப் பேசித் தீர்த்துக்கொள்வர். மீண்டும் அன்பு பாராட்டுவதாக உறுதி கூறிக்கொள்வர். இதனை வார்டு தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இதைப் படித்தபோது நம் சங்கப் பொதுக்குழுக் கூட்டங்கள் என் நினைவுக்கு வந்தன. மனத்தாங்கல்கள் நம்மிடமும் குறைவில்லை. சனிக்கிழமை மாலைதான் நமக்கு வாய்க்கவில்லை!

1801இல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆங்கில அதிகாரிகளுக்கு வங்க மொழி கற்பிக்கும் ஆசிரியராகக் கேரி நியமிக்கப்பட்டார். மாதச் சம்பளம் 500 ரூபாய். பின்னர்ப் பேராசிரியரானபோது அது 1,000 ரூபாய் ஆயிற்று. அக்காலத்தில் அஃது எத்துணைப் பெருந்தொகை என்று சொல்லவேண்டியதில்லை. அப்பணம் பொது நிதிக்கே சென்றது. மார்ஷ்மனும் அவர் மனைவி ஹன்னா அம்மையாரும் நடத்திய விடுதிப் பள்ளிகளின் வருவாயும், வார்டின் அச்சுக்கூட வருவாயும் அவ்வாறே சென்றன. வேறு வேறு சம்பளம் பெற்றவர்கள் ஒரே மேசையில் ஒரே உணவை உண்டார்கள். ஒருவனுடைய பக்தியை அறிய அவன் பாடும் பாட்டைக் கேட்பது ஒரு வழி. அவன் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பது மற்றொரு வழி. இரண்டாவதே எனக்குத் தெரிந்த வழி.

தச்சர் கிருஷ்ண பால்

கேரி வங்கத்திற்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகியும் அவர் சொல் கேட்டு அச்சமயத்தைத் தழுவிய வங்காளியர் ஒருவரும் இல்லை. 1800 நவம்பரில் கிருஷ்ண பால் என்னும் தச்சர் வழுக்கி விழுந்ததில் அவர் தோள்மூட்டு நழுவிவிட்டது. அவர்களுடன் இருந்த மருத்துவர் தாமஸ் சென்று அதனைச் சரிசெய்தார். அதுவே பழக்கத்திற்கு வித்தாயிற்று. பிரசங்கத்தை விடக் கட்டுப் போட்ட கை பெரிது என்பதற்கு இஃது ஒரு சான்று.

அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் கிருஷ்ண பால், செராம்பூர் வீட்டு மேசையில் அவர்களோடு அமர்ந்து உண்டார். இன்று நாம் இதனைப் படித்துவிட்டுக் கடந்துபோய்விடுவோம். அன்று அது சாதியை விட்டு வெளியேறும் செயல். ஊர் கொதித்தது. பெருங்கூட்டம் ஒன்று அவரை வீட்டிலிருந்து இழுத்துச் சென்று டேனிய நீதிபதி முன் நிறுத்திற்று. குற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லாமையால் நீதிபதி அவரை விடுவித்தார். டிசம்பர் 28ஆம் நாள் ஹூக்ளி ஆற்றில் அவர் திருமுழுக்குப் பெற்றார். அதே வேளையில் கேரியின் மூத்த மகன் பீலிக்ஸும் முழுக்குப் பெற்றார்.

புதிதாகச் சேர்ந்தவர்களிடையே சாதி வேற்றுமைக்கு இடம் தருவதா என்ற கேள்வி உடனே எழுந்தது. இக்கேள்விக்கு எங்கள் தரங்கம்பாடிப் பக்கத்தில் கிடைத்த விடையை நான் மறைக்கலாகாது. 1706இல் சீகன்பால்கு ஐயர் வந்து இறங்கிய புண்ணிய பூமி அது. 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறிய ஊர் அது. ஆயினும் அங்குள்ள ஆலயத்திலேயே சாதிக்கு ஓர் இடமாகப் பிரிந்து அமரும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. ஆண்டவர் முன் சமம். பாயில் அமரும்போது சமம் அன்று! கற்றறிந்த பெரியோர்களும் அதற்கு நியாயம் கூறினார்கள்.

செராம்பூரில் வேறு விடை கூறினர். பந்தியில் வேற்றுமை கூடாது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தனர். 1803 ஏப்ரலில், அந்தணர் குலத்தில் பிறந்து அச்சமயத்தைத் தழுவிய கிருஷ்ண பிரசாத் என்ற இளைஞருக்கும் தச்சர் கிருஷ்ண பாலின் மகளுக்கும் திருமணம் நடந்தது. மணமகள் வீட்டின் முன் மரத்தடியில் எல்லோரும் கூடி அமர்ந்தனர்; மாலையில் ஒன்றாக விருந்துண்டனர்.

நால்வர் தோள்

அதே 1803ஆம் ஆண்டு அக்டோபரில் கோகுல் என்பவர் காலமானார். கிருஷ்ண பாலின் நண்பர். அச்சபையைச் சேர்ந்த வங்காளியருள் முதலில் இறந்தவர் அவரே. பிணத்தைத் தூக்குவது யார்?

கேட்பதற்கு எளிய கேள்வி. ஆனால் உறவும் சாதியும் துறந்து வந்தவனுக்குத் தூக்குவார் இல்லை. சுற்றத்தார் வரமாட்டார்கள். அயலார் தொடமாட்டார்கள். அதுவரையில் அவ்வூர்க் கிறிஸ்தவர் அடக்கங்களுக்குக் கூலிக்கு ஆட்களை அமர்த்துவதே வழக்கம். அவர்களும் குடித்துவிட்டு வருவர்.

தச்சர் கிருஷ்ண பால் தம் செலவிலேயே சவப்பெட்டி செய்து, உள்ளும் புறமும் வெள்ளை மஸ்லின் துணி போர்த்தினார். அப்பெட்டியை நால்வர் தோளில் ஏற்றினர். ஒருவர் ஆங்கிலேயராகிய மார்ஷ்மன். ஒருவர் கேரியின் மகன் பீலிக்ஸ். ஒருவர் அந்தணர் குலத்தில் பிறந்த பைரவர். ஒருவர் இசுலாமியராகப் பிறந்த பீரு. செராம்பூர்த் தெருவில் இந்நால்வரும் ஒரு பெட்டியைச் சுமந்து செல்ல, மக்கள் வீட்டு வாயில்களில் நின்று வியந்து பார்த்தனர்.

கேரி எழுதிய நூல்கள் பல. அவர் மொழிபெயர்ப்பில் பல குறைகள் இருந்தன என்று பின்வந்த அறிஞர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த நால்வர் தோள்மேல் சென்ற பெட்டியில் குறை காண்பார் யார்?

எழுத்து வார்த்த கைகள்

செராம்பூர் அச்சுக்கூடத்தின் பெருமையைக் கேரியின் பெயரோடு மட்டும் நிறுத்திவிடுதல் அநீதி. வங்க எழுத்துக்களை உலோகத்தில் வெட்டி வார்த்தவர் பஞ்சானன் கர்மகார் என்னும் கொல்லர். அவர் மருகர் மனோகர் அக்கலையைக் கற்றுப் பல மொழிகளுக்கு எழுத்து வெட்டினார். மனோகர் இறுதிவரை தம் குலதெய்வ வழிபாட்டை விட்டாரல்லர். தம் தெய்வத்தின் உருவை எதிரே வைத்துக்கொண்டே, கிறிஸ்தவ வேதத்திற்கு எழுத்து வெட்டினார் என்று நேரில் பார்த்தவர் எழுதியுள்ளார். அவரை வேலையை விட்டு விலக்கும் எண்ணம் எவர்க்கும் எழவில்லை. 1801இல் வங்க மொழிப் புதிய ஏற்பாடு அங்கே வெளியாயிற்று. 1818இல் சமாசார் தர்ப்பண் என்னும் வங்க மொழி இதழ் வெளிவந்தது.

1812 மார்ச் 11ஆம் நாள் மாலை அச்சுக்கூடத்தில் தீப்பற்றியது. காகிதக் குவியல்கள், பதினான்கு கீழ்நாட்டு மொழிகளின் எழுத்துக்கள், கேரி பல ஆண்டுகளாகத் தொகுத்து வந்த பன்மொழி அகராதியின் கைப்படி, இராமாயண மொழிபெயர்ப்பின் பகுதி ஆகியன எல்லாம் எரிந்தன. அழிந்தவற்றுள் தமிழ் எழுத்துக்களும் இருந்தன என்பதை அறியும்போது நம் நெஞ்சமும் சுடுகிறது. கேரி அப்பொழுது கல்கத்தாவில் இருந்தார். மறுநாள் மார்ஷ்மன் சென்று செய்தி கூறினார். கேரி வந்து கருகிய இடத்தைக் கண்டு கண்ணீர் விட்டார்.

எழுத்து வார்க்கும் அச்சுமூலங்கள் மட்டும் தீயினின்று தப்பின. வார்டும் வேலையாட்களும் சாம்பலைக் கிளறி, உருகிக் கிடந்த உலோகத்தைத் திரட்டினர். அதையே மீண்டும் உருக்கி எழுத்து வார்த்தனர். சில மாதங்களில் அச்சுப்பொறிகள் மீண்டும் ஓடின. தமிழ்ப் புதிய ஏற்பாடும் பின்னர் அங்கு அச்சாயிற்று. கேரி தம் இழந்த ஏடுகளை மீண்டும் முதலிலிருந்து எழுத உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. நிலைமை இடிந்தபோது புலம்பாமல் மறுநாள் வேலையைத் தொடங்குவது எளிய பக்தி அன்று.

ஒரு வீட்டின் துயரம்

இவ்வளவும் கூறிவிட்டு மற்றொரு பக்கத்தைக் கூறாது விடின், கணக்கில் வரவை மட்டும் எழுதிச் செலவை மறைத்தவன் ஆவேன்.

டாரதி அம்மையார் இந்நாட்டிற்கு வர விரும்பியவர் அல்லர். முதலில் மறுத்துப் பின்னரே உடன்பட்டார். 1794இல் அவர்களுடைய ஐந்து வயது மகன் பீட்டர் நோயால் இறந்தான். அதன்பின் அம்மையார் மனம் பேதலித்தார். 1807 டிசம்பரில் இறக்கும்வரை பன்னிரண்டு ஆண்டுகள் அந்நோயினின்று மீளவில்லை. பக்கத்து அறையில் மனைவி கூச்சலிட, இவ்வறையில் கணவர் வேதத்தை மொழிபெயர்த்துக் கொண்டிருந்தார். கேரி அம்மையாரைக் கைவிடவில்லை. தம் வீட்டிலேயே வைத்துப் பேணினார். ஆயினும் பிள்ளைகளைக் கவனிக்கும் பொழுது அவருக்கு இல்லாமற் போயிற்று. அவர்களைத் தாய்போல் கண்டித்து வளர்த்தவர் ஹன்னா மார்ஷ்மன் அம்மையார்.

பொதுத் தொண்டின் விலையைச் சில வேளைகளில் வீட்டிலுள்ள பெண்கள் கொடுத்துவிடுகிறார்கள். டாரதி அம்மையாரை எவரும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அழைத்து வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! மாறுதல் உத்தரவு வந்தவுடன் மனைவி மக்களைக் கேளாமலே பெட்டி கட்டும் நாம் இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் நலம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

1799ஆம் ஆண்டிலேயே கேரி ஆற்றங்கரையில் ஒரு பெண் கணவன் பிணத்தோடு எரிக்கப்படுவதைக் கண்டார். தடுக்க முயன்றார், முடியவில்லை. அதுமுதல் அவரும் நண்பர்களும் அக்கொடுமைக்கு எதிராகக் கணக்கெடுத்தும் எழுதியும் விண்ணப்பித்தும் வந்தனர். இராஜா ராம்மோகன் ராய் முதலிய இந்நாட்டுப் பெரியோரும் அதற்காக அயராது போராடினர். 1829 டிசம்பர் 4ஆம் நாள் பெண்டிங்க் பிரபு உடன்கட்டை ஏறுதலைத் தடைசெய்து சட்டம் பிறப்பித்தார்.

அச்சட்டத்தை வங்க மொழியில் பெயர்த்துத் தருமாறு அரசாங்கம் கேரியைக் கேட்டது. உத்தரவு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடைத்தது. அன்று அவர் ஆலயத்தில் பிரசங்கம் செய்ய வேண்டிய நாள். ஓய்வுநாளில் உலக வேலை செய்யாதது அவர் வாழ்நாள் ஒழுக்கம். ஆனால் ஒரு நாள் தாமதித்தால் எத்தனை பெண்கள் எரிவார்களோ என்று எண்ணிய அவர், வேறொருவரைப் பிரசங்கத்திற்கு அனுப்பிவிட்டு, பண்டிதரை அழைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாலைக்குள் மொழிபெயர்ப்பு முடிந்தது. அன்று அவர் கோயிலுக்குப் போகாமல் இருந்ததே வழிபாடு.

1818இல் அவர்கள் நிறுவிய செராம்பூர்க் கல்லூரி சாதி சமயம் பாராமல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. 1834 ஜூன் 9ஆம் நாள் கேரி செராம்பூரிலேயே காலமானார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் வாழ்ந்தவர், ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பியதில்லை.

நம் குடியிருப்பில்

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், துர்க்கை பூசை முடிந்த வாரத்தில், நம் குடியிருப்பின் கடைசி வரிசையில் ஒருவர் இறந்தார். இருப்புப் பாதையைப் பராமரிக்கும் தொழிலாளர், நம் தமிழர். மனைவியும் பள்ளியில் படிக்கும் மகளும் தவிர வேறு உறவினர் இங்கு இல்லை. ஊரிலிருந்து வருவதற்கு இரண்டு நாள் ஆகும். மழை தூறிக்கொண்டிருந்தது. நம்மவர் சிலர் வந்து, சற்றுத் தொலைவில் குடை பிடித்து நின்று, துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பினர். அவர் எவ்வகுப்பைச் சேர்ந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். எவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இறுதியில் பாடை தூக்கியவர்கள், அவரோடு வேலை செய்த வங்காளியர் இருவர், ஒரியர் ஒருவர், தெலுங்கர் ஒருவர். தமிழன் தோள் ஒன்றுகூட அதில் இல்லை.

நான் அன்று மாலைமுறைப் பணியில் இருந்தேன். மாற்று ஆள் கேட்டிருந்தால் கிடைத்திருப்பார், நான் கேட்கவில்லை. பணி இருந்தது என்பது உண்மை; அது காரணம் என்பது பொய். ஆண்டவன் முன் யாவரும் சமம் என்று கிறிஸ்துமஸ் கூட்டங்களில் பேசியவன் நான். பத்து நாள் கழித்து, ஓய்வூதியத்திற்கான தாள்களைப் பூர்த்தி செய்து தருமாறு அவர் மனைவியார் என்னிடம் வந்தார். எல்லாம் எழுதி முடித்த பின், “அண்ணே, நீங்கள் வருவீர்கள் என்று பார்த்தேன்” என்று மட்டும் சொன்னார். நான் மறுமொழி கூறவில்லை. கூறுவதற்கு ஒன்றும் இல்லை.

அதன் பின்னரே நான் செராம்பூர் சென்றேன். கல்லூரியின் தூண்களையும் பழைய ஏடுகளையும் கண்டேன். என் மனம் நின்றதோ அந்த நால்வரிடத்தில்தான். 1803ஆம் ஆண்டில், சட்டம் துணை நில்லாத காலத்தில், ஊர் முழுதும் பார்த்திருக்க, அவர்கள் ஒரு பெட்டியைத் தூக்கினார்கள். அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்து எத்தனையோ ஆண்டுகள் கழிந்த பின், இருட்டில் மழைக்குள் செல்ல எனக்குத் துணிவில்லாமற் போயிற்று.

ஊரை விட்டு வந்த நமக்கு இங்கே பங்காளி இல்லை. மாமன் மைத்துனன் இல்லை. பொங்கல் விழாவும் நாடகமும் பட்டிமன்றமும் நம் சங்கம் சிறப்பாக நடத்துகிறது. மகிழ்ச்சிக்கு ஒன்றுகூடத் தெரிந்த நாம் சாவுக்கும் ஒன்றுகூட வேண்டாவா? ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். சங்க அறையில் ஒரு குறிப்பேடு வைப்போம். நம் குடியிருப்பில் எவர் வீட்டில் சாவு நேர்ந்தாலும், அவர் எச்சாதியார், எச்சமயத்தார், எப்பதவியினர் என்று பாராமல், புதைப்பதாயினும் எரிப்பதாயினும், தோள் கொடுக்க வருவோர் அதில் பெயர் எழுதட்டும். எந்த முறைப் பணி, எந்த நாள் ஓய்வு என்பதையும் பக்கத்திலேயே குறிக்கட்டும். பணி என்ற சாக்கு எவர்க்கும் மிஞ்சாது. துணிக்கும் வண்டிக்கும் ஆகும் செலவுக்கு உண்டியல் ஒன்று இருக்கட்டும். பெண்கள் சிலர் அவ்வீட்டாரோடு இரவு தங்குவதற்கும், அடுப்பு எரியாத வீட்டிற்கு மூன்று நாள் சோறு அனுப்புவதற்கும் பெயர் தரலாம்.

குறிப்பேட்டை நானே வாங்கிக் கோடு போட்டுச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். கணக்கெழுத்தன் ஆகையால் அது எனக்கு எளிது. முதல் வரியில் என் பெயரை எழுதியிருக்கிறேன். விழா முடிந்து வீடு திரும்புமுன், அன்பர்கள் சங்க அறைப் பக்கம் ஒருமுறை வந்து செல்லுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.